பின் ஆக்சில் பெயர் ஒன்று, வந்த பாகம் வேறு: அறிகுறியை வைத்து அடையாளம் காணும் வழி

அமெரிக்க பிக்கப் வண்டிகளின் பின் ஆக்சிலுக்குப் பாகம் வாங்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இயந்திரக் கோளாறே அல்ல. பெயரால் வரும் கோளாறு. ஒரே ஆக்சிலை ஒருவர், நடுவிலுள்ள குண்டுப் பகுதியின் பின்புற மூடியில் உள்ள போல்ட் எண்ணிக்கையைச் சொல்லி அழைப்பார். இன்னொருவர் அதற்குள் சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தைச் சொல்லுவார். மூன்றாமவருக்கு அது தயாரித்த நிறுவனத்தின் பெயர். பழைய இரும்புக் கடைக்காரருக்கோ அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதுதான் அடையாளம். நால்வரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நால்வர் சொன்னதையும் வைத்து ஆர்டர் கொடுத்தால் வேறொரு ஆக்சிலின் பாகம் வந்து சேர வாய்ப்பு மிக அதிகம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சொல். கீழே சொல்லும் சோதனைகளில் பலவற்றுக்குப் பின்சக்கரங்களைத் தூக்க வேண்டியிருக்கும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சில் குழாயின் அடியில் ஸ்டாண்டு நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவித்துவிட்டால், வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டை மட்டுமே.

அறிகுறி: ‘12 போல்ட்’ என்று கேட்டு வாங்கிய கேஸ்கட் மூடியில் உட்காரவில்லை

போல்ட் எண்ணிக்கையைச் சொல்லி ஆக்சிலைக் கேட்பது, பச்சைக் கதவு வீடு என்று முகவரி சொல்வதைப் போன்றது. தெருவில் பச்சைக் கதவு ஒன்றே ஒன்றாக இருந்தால் சரி. 12 போல்ட் மூடி ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) நிறுவனத்திடம் இருக்கிறது, கிரைஸ்லரின் 9.25 அங்குல ஆக்சிலில் இருக்கிறது, ஃபோர்டின் 9.75 அங்குலத்தில் இருக்கிறது, அதே ஃபோர்டின் 10.25 அங்குல ஸ்டெர்லிங்கிலும் இருக்கிறது. எனவே முதலில் வண்டியின் நிறுவனத்தைச் சொல்லுங்கள். அதுவும் போதாது என்பதுதான் வேடிக்கை.

ஜி.எம். ஒன்றே இரண்டு வகை 12 போல்ட் ஆக்சில்களைச் செய்தது. ஒன்று 1960-களின் நடுவிலிருந்து 1972 வரை ஷெவெல், கமாரோ போன்ற கார்களில் வந்தது. மற்றொன்று அரை டன் (இலேசான வகை) பிக்கப்புகளுக்கானது. இரண்டிலும் கிரவுன் வீலின் விட்டம் 8.875 அங்குலம், இரண்டிலும் மூடிக்கு 12 போல்ட். ஆனாலும் கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் சேர்ந்த கிரவுன் பினியன் செட், ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தாது. காரணம் பினியன் தண்டின் பருமன். கார் வகையில் அது 1.675 அங்குலம், பிக்கப் வகையில் 1.438 அங்குலம். கனமான வண்டிக்குத் தடித்த தண்டு இருக்கும் என்று நினைப்பவர் இங்கே ஏமாறுவார், நிலைமை தலைகீழ். வெளியிலிருந்து பார்த்தால் கார் வகையின் மூடி நீள்வட்டமாகவும் பிக்கப் வகையின் மூடி ஏறக்குறைய வட்டமாகவும் இருக்கும். கண்ணுக்கு அது போதாது என்று பட்டால், பினியனைக் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

அறிகுறி: ‘14 போல்ட்’ ஆக்சில் ஷாஃப்ட் வந்தது, ஸ்ப்ளைன் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

ஆட்கள் மிகவும் உறுதியோடு பேசுவதும் மிகவும் தவறுவதும் இந்த ஆக்சிலில்தான். 14 போல்ட் என்றாலே அசைக்க முடியாத கனரக ஆக்சில் என்று ஒரு பெயர் பரவிவிட்டது. அந்தப் பெயரைச் சம்பாதித்தது 1973 முதல் ஜி.எம். முக்கால் டன், ஒரு டன் வண்டிகளில் வந்த 10.5 அங்குல ஆக்சில். பிறகு 9.5 அங்குலக் கிரவுன் வீலோடு, இலேசான வண்டிகளுக்காக இன்னொன்று வந்தது. அதன் மூடியிலும் 14 போல்ட். 2001-இல் ஜி.எம். கனரக பிக்கப்புகளிலும் 2003-இல் டாட்ஜ் ராமிலும் அமெரிக்கன் ஆக்சில் நிறுவனத்தின் 11.5 அங்குல ஆக்சில் வந்தது. அதற்கும் 14 போல்ட். (அமெரிக்கன் ஆக்சில் என்பது வேறு யாரும் அல்ல, ஜி.எம். நிறுவனத்தின் ஆக்சில் தொழிற்சாலைகளை 1994-இல் வாங்கித் தனியாகத் தொடங்கிய நிறுவனம். அதனால் 1994-க்கு முன்பு ஒரு பெயர், பின்பு வேறு பெயர் என்று ஒரே வார்ப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கும்.)

பிரித்தறியச் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். வீலின் துளை வழியாக ஒரு தடித்த ஹப் வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் அது முழு மிதவை வகை: வண்டியின் எடையை ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கே தாங்குகிறது, ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிடலாம். 10.5 அங்குலமும் 11.5 அங்குலமும் இந்த வகை. நடுவில் ஹப் நீட்டாமல் தட்டையாக இருந்தால் அரை மிதவை வகை, அதாவது 9.5 அங்குலம். சக்கரத்தில் எட்டு நட்டு இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். எட்டு நட்டோடு வந்த 9.5 அங்குலமும் உண்டு. ஷாஃப்ட்டை உருவிவிட்டீர்கள் என்றால் அதன் முனையில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பற்களை, அதாவது ஸ்ப்ளைன்களை, எண்ணிப் பார்த்துவிடலாம்: பழைய 10.5 அங்குலத்துக்கு 30 ஸ்ப்ளைன், 9.5 அங்குலத்துக்கு 33. எண்ணிக்கை அதிகமாக இருப்பது சிறிய ஆக்சிலில் என்பதைக் கவனியுங்கள். ஸ்ப்ளைன் எண்ணிக்கையை மட்டும் வைத்து வலிமையை எடைபோடுபவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

10.5 அங்குலத்தையும் 11.5 அங்குலத்தையும் பிரிக்க முன்பக்கம் போங்கள். பழைய 10.5 அங்குலத்தில் பினியனைத் தாங்கும் பகுதி தனி வார்ப்பு. ஹவுசிங்கின் முகத்தில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும், பினியனோடு சேர்த்து முன்புறமாகவே வெளியே வரும். 11.5 அங்குலத்தில் அப்படிப்பட்ட தனித் துண்டு கிடையாது.

அறிகுறி: ‘10 போல்ட்’ என்று மட்டும் தெரியும்

அப்படியானால் எதுவுமே தெரியாது என்று பொருள். டானா என்ற ஆக்சில் நிறுவனத்தின் 30, 35, 44, 60, 70, 80 ஆகிய எல்லாவற்றுக்கும் மூடியில் 10 போல்ட். ஃபோர்டின் 7.5 அங்குலத்துக்கும் 8.8 அங்குலத்துக்கும் 10. கிரைஸ்லர் 8.25 அங்குலத்துக்கும் 10. ஜி.எம். 10 போல்ட் என்பதே 7.5, 8.2, 8.5, 8.6 அங்குலம் என்று ஒரு கூட்டம். மூடியின் வடிவத்தை ஒரு காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள், மூடியைத் திறந்து கிரவுன் வீலின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் கடைக்காரர் பத்து கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அறிகுறி: குழாயில் ‘60’ என்று குத்தியிருக்கிறது, டானா 60 பேரிங் பொருந்தவில்லை

டானா ஆக்சில்களில் இரண்டு இடங்களில் எண் இருக்கும். இரண்டுக்கும் பொருள் வேறு.

முதலாவது வார்ப்பு எண். நடுவிலுள்ள குண்டுப் பகுதியின் வலுக்கட்டு விலாக்களில், வார்க்கும்போதே புடைப்பாக 44, 60, 70 என்று வந்திருக்கும். இதுதான் ஆக்சிலின் மாடல்.

இரண்டாவது, ஆக்சில் குழாயில் குத்தப்பட்ட பாகப்பட்டியல் எண். வழக்கமாக நீளமான பக்கத்துக் குழாயில், மூடி இருக்கும் பக்கத்தை நோக்கி இருக்கும். அது ஆறு இலக்கமும் ஒரு கோடும் அதன் பின் ஓர் எண்ணுமாக, பெரும்பாலும் 60 என்றே தொடங்கும்: 603, 605 என்பதுபோல. டானா 44-இன் குழாயிலும் அப்படித்தான். துரு மூடிய குழாயில் முதல் இரண்டு இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரிய, ‘அட, 60!’ என்று மகிழ்ந்து அரை டன் ஆக்சிலுக்கு ஒரு டன் விலை கொடுத்தவர்கள் ஏராளம். விற்பவரும் சில நேரம் மனமாரவே அப்படி நம்புகிறார். சில நேரம் நம்பாமலும் விற்கிறார்.

எண்ணைப் படிக்க அவசரப்பட்டு கிரைண்டரைப் பிடிக்காதீர்கள். குத்தெழுத்தின் ஆழம் மிகக் குறைவு. கிரைண்டரின் சக்கரம் இரண்டு முறை ஓடினால் எழுத்தும் துருவோடு போய்விடும். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு வெள்ளைச் சாக்கட்டியைப் படுக்கவைத்துக் குழாயின் மேல் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் விரலால் துடைத்தால் பள்ளத்தில் பொடி தங்கி எண் வெளியே வரும். டார்ச் விளக்கை நேராகப் பிடிக்காமல் குழாயின் நீளவாக்கில் சாய்த்துப் பிடியுங்கள்; நிழலில் 3-உம் 8-உம் பிரிந்து தெரியும். அந்த முழு எண் கிடைத்தால் பல் விகிதம் வரை எல்லாமே அதிலிருந்து கிடைக்கும்.

டானாவின் மாடல் எண் எதன் அளவும் அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். 44-இன் கிரவுன் வீல் 8.5 அங்குலம், 60-க்கு 9.75, 70-க்கு ஏறத்தாழ 10.5, 80-க்கு 11.25. எண் ஏற ஏற அளவு ஏறும், அவ்வளவுதான். புதியவற்றில் நிறுவனம் முறையை மாற்றிக்கொண்டது. 2018-இல் வந்த புதிய ஜீப் ரேங்லரின் பின் ஆக்சிலுக்கு எம்220 என்று பெயர். இது கிரவுன் வீலின் மில்லிமீட்டர் அளவு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் வரும் எம்275, எம்300-உம் இப்படியே. ஆனால் விளம்பரத்தில் எம்220-ஐ இன்றும் டானா 44 என்றே அழைக்கிறார்கள். பழைய 44-க்கான பாகத்தை அதில் மாட்ட முயல்வது வீண் வேலை.

அறிகுறி: ஆக்சில் சரி, கிரவுன் வீல் சரியாகப் பூட்டியாயிற்று, ஆனால் பினியனைத் தொடவே இல்லை

இது பெயர்க் குழப்பத்தின் உள்ளறை. ஆக்சிலின் பெயர் சரியாக இருந்தும், கிரவுன் வீலைத் தாங்கிச் சுழலும் கேரியர் தவறாக இருக்கலாம்.

கிரவுன் வீலின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்து வருவதே விகிதம். அது கூடும்போது பினியன் சிறுத்துப்போகும். 3.73 விகிதத்தில் கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 11. 4.56 விகிதத்தில் அதே 41-க்கு 9 பல்தான். சிறுத்த பினியனை எட்ட, கிரவுன் வீல் அதன் பக்கம் நகர வேண்டும். அதற்காகக் கேரியரில் கிரவுன் வீல் பூட்டும் முகத்தை வேறு இடத்தில் வைத்து இரண்டு வகையாகச் செய்கிறார்கள். டானா 30-இல் 3.54 வரை ஒரு கேரியர், 3.73-இலிருந்து இன்னொன்று. டானா 44-இல் 3.73 வரை ஒன்று, 3.92-இலிருந்து மற்றொன்று. டானா 60-இல் 4.10 வரை ஒன்று, 4.56-இலிருந்து வேறு. நீங்கள் 3.54-லிருந்து 4.10-க்கு மாற்றினால், டானா 60-இல் பழைய கேரியரே போதும். டானா 44-இல் போதாது. இடைவெளியை ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) போட்டு ஈடுகட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். கேரியரை மாற்றுங்கள், அல்லது அதே கேரியருக்கென்று தடிமனாகச் செய்த கிரவுன் வீல் சில ஆக்சில்களுக்குக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அறிகுறி: பூட்டும் டிஃபரன்ஷியல் என்று லேபிள் சொல்கிறது, கையால் சுழற்றினால் சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுகின்றன

ஜி.எம். வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒட்டிய லேபிளில் ஜி80 என்ற குறி இருந்தால் அது பூட்டும் வகை டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் என்பது திருப்பத்தில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு; பூட்டும் வகை, தேவைப்படும்போது இரண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும். அதே லேபிளில் விகிதமும் இருக்கும்: ஜி.யு.6 என்றால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73, ஜி.டி.5 என்றால் 4.10.

பின்சக்கரங்களைத் தூக்கி ஒன்றைச் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் என்பது பழைய கணக்கு. ஜி80 விஷயத்தில் அந்தக் கணக்குத் தோற்கும். ஈட்டன் நிறுவனத்தின் அந்த அமைப்பு, இரு சக்கரங்களின் வேகத்துக்கு நடுவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வரும்போதுதான் பூட்டிக்கொள்ளும். கையால் அவ்வளவு வேகம் யாராலும் தர முடியாது. லேபிளை நம்புங்கள், அல்லது மூடியைத் திறந்து பாருங்கள். ஆக்சில் ஏற்கெனவே மாற்றப்பட்ட வண்டியில் லேபிள் பழைய ஆக்சிலைப் பற்றித்தான் பேசும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஃபோர்டில் ஓட்டுநர் கதவு ஓரத்து லேபிளில் ஆக்சில் குறி இருக்கும். எஃப்-150-இல் 19 என்றால் 3.55 சாதாரண வகை, எச்9 என்றால் அதே 3.55 வழுக்கல் தடுப்பு வகை. மூடியின் போல்ட்டில் மாட்டிய சிறு தகட்டில் 3-க்கும் 73-க்கும் நடுவே ஆங்கில எல் எழுத்து இருந்தால் வழுக்கல் தடுப்பு உண்டு, வெறும் இடைவெளி என்றால் இல்லை. மூடியைக் கழற்றும்போது அந்தத் தகட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலான பட்டறைகளில் அது போய்ச் சேரும் இடம் குப்பைக்கூடை.

அறிகுறி: நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறுகிறது, அல்லது நாலு சக்கர ஓட்டத்தில் வண்டி இறுகுகிறது

விகிதம் தவறு. 3.42 இருந்த இடத்தில் 4.10 ஏறிவிட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 20 சதவீதம் அதிகமாகச் சுற்றும். நாலு சக்கர வண்டியில் பின்னால் மட்டும் இப்படி மாறியிருந்தால் காய்ந்த தார்ச்சாலையில், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும், உடனே நிறுத்திவிடுங்கள்.

மூடியைத் திறந்தால் கிரவுன் வீலின் ஓரத்தில் 41 11 என்பதுபோல இரண்டு எண்கள் குத்தியிருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் விகிதம். திறக்க மனமில்லையென்றால், சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்று சாக்கட்டிக் குறியை வைத்து எண்ணுங்கள். மூன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு என்றால் 3.73. இரு சக்கரமும் சேர்ந்து சுற்றும் பூட்டு வகையில் ஒரு சுற்றே போதும்.

முன்னால் 4.09, பின்னால் 4.10 என்று கண்டால் பதறாதீர்கள். 45-ஐ 11-ஆல், 41-ஐ 10-ஆல் வகுத்த எண்கள் அவை; அந்த வித்தியாசத்தை டயர் தாங்கிக்கொள்ளும். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் தசம எண்ணைச் சொல்லாமல் ஆறுக்கு நாற்பத்தொன்று என்று பல் கணக்கிலேயே கிரவுன் பினியன் கேட்கும் பழக்கம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க முறையைவிட அது மேல்.

அறிகுறி: பின்னால் மூடியே இல்லை

அப்படியானால் கேரியர் முன்பக்கமாகக் கழலும் வகை. ஃபோர்டு 9 அங்குலம், 8 அங்குலம், கிரைஸ்லர் 8.75 அங்குலம், 1972 வரை ஷெவர்லே முக்கால் டன் வண்டிகளில் வந்த ஈட்டன் ஆக்சில் ஆகியவை இந்தக் கூட்டம். ஃபோர்டின் இரண்டையும் பிரிக்க ஒரு சாக்கெட் போதும். முன்பக்க நட்டுகள் எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக ஏறினால் 8 அங்குலம். அடியில் உள்ள இரண்டு நட்டில் ஹவுசிங் இடித்து, ரிங் ஸ்பானர்தான் நுழையும் என்றால் 9 அங்குலம். கிரைஸ்லரில் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 741, 742, 489 என்று இருக்கும். பினியன் பருமன் முறையே 1⅜, 1¾, 1⅞ அங்குலம். மூன்றும் 8.75 அங்குலமே, பினியன் செட் மட்டும் மூன்று.

அறிகுறி: கனரக லாரிக்கு ஆர்டர் செய்த ‘தலை’ (கிரவுன் பினியனோடு கூடிய நடுப்பகுதி) வந்தது, எதிர்ப்பக்கத்துக்குரியது

இரட்டைப் பின் ஆக்சில் லாரிகளில் முன்னது வேறு, பின்னது வேறு. முன்னதில் சக்தியைப் பிரிக்கும் அமைப்பும், பின் ஆக்சிலுக்குப் போகும் வெளியேற்றுத் தண்டும் இருக்கும். ஈட்டன் வழியில் முன்னது டி.எஸ்.404, பின்னது ஆர்.எஸ்.404. வெறுமனே 404 என்று கேட்டால் கடைக்காரர் தாமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். ஈட்டன் தனது கனரக ஆக்சில் தொழிலை 1998-இல் டானாவுக்கு விற்றுவிட்டதால், ஈட்டன் என்று தகட்டில் இருப்பதை டானா ஸ்பைசர் பட்டியலில்தான் தேட வேண்டும்.

ராக்வெல் என்று எழுதிய ஆக்சிலுக்கும் இதே கதை. ராக்வெல்லிலிருந்து 1997-இல் மெரிட்டர் பிரிந்தது, 2000-இல் ஆர்வின்மெரிட்டர் ஆனது, 2011-இல் மறுபடி மெரிட்டர், 2022-இல் கம்மின்ஸ் வாங்கியது. மெரிட்டரில் ஆர்.எஸ்-23-160 என்றால் ஒற்றைப் பின் ஆக்சில், 23,000 பவுண்டு தாங்கும், கடைசி எண் பல்சக்கரத்தின் அளவு வரிசை. ஈட்டனின் ஆர்.எஸ். இரட்டையில் பின்னது, மெரிட்டரின் ஆர்.எஸ். ஒற்றை. எழுத்தை மட்டும் சொல்லி, நிறுவனத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணுவ ஏலத்தில் வரும் இரண்டரை டன் ராக்வெல், ஐந்து டன் ராக்வெல் என்ற பெயர்களில் டன் கணக்கு ஆக்சிலுடையது அல்ல. லாரி சாலையில்லாத நிலத்தில் ஏற்றிச் செல்லும் சரக்கின் அளவு அது. எம்35 லாரியின் இரண்டரை டன் ஆக்சிலில் விகிதம் 6.72, பிக்கப்பில் மாட்டுவதற்கு முன்பு அந்த எண்ணை டயர் விட்டத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏலத்தில் எடுப்பதானால், தூக்கி ஏற்றுவதற்கு முன்பே தகடு, வார்ப்பு எண், குழாய்க் குத்தெழுத்து, ஹப்பின் முகம் ஆகிய நான்கையும் படம் பிடித்துவிடுங்கள். வண்டியில் மாட்டி முடித்தபின் அவற்றில் பாதி கண்ணுக்கு எட்டாது.